அச்சாரப் பணமும் ஐப்பசி மழையும்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கனம் புதிதன்று. தாராவியிலும் மாதுங்காவிலும், முலுண்டிலும் டோம்பிவிலியிலும் நம்மவர் அமைத்துக்கொண்ட வாழ்வெல்லாம் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் எழுந்ததே ஆகும். சீட்டு, அஞ்சலகச் சேமிப்பு, தாய்மார்களின் நகை ஆகிய மூன்றுமே நெடுங்காலம் நம் வங்கிகளாக இருந்தன. ஆயினும் சில ஆண்டுகளாக நம் இளைஞர்களின் செல்பேசிக்குள் நான்காவதாக ஒன்று புகுந்துள்ளது. காலை ஒன்பதே காலுக்குப் பங்குச் சந்தை திறக்கும் வேளையில் மத்திய ரயில்வேயின் உள்ளூர் வண்டியில் ஏறிப் பாருங்கள். நெரிசலில் ஒரு கையால் பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையிலுள்ள திரையில் பச்சையும் சிவப்புமாக மாறும் எண்களை இமைகொட்டாது நோக்கும் முகங்களைக் காண்பீர்கள். அவர்களுட் பலர் பங்கு வாங்குவோர் அல்லர். ஆப்ஷன் வாணிபம் செய்வோர்.

அதைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று வாசகர் வினவலாம். நாம் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் பார்சல் அலுவலக எழுத்தராகப் பணியாற்றுபவர். பேரேட்டைக் கூட்டிச் சரிபார்க்கத் தெரியுமேயன்றிப் பொருளியல் கற்றவர் அல்லர். நாமும் அவ்வாணிபத்தில் இறங்கி, ஐந்து திங்களில் 1,74,000 ரூபாயை இழந்தோம். அதுவே நம் தகுதி. அந்த இழப்பில் நாம் கற்ற கணக்கைச் சங்கத்து அன்பர்களின் முன் வைப்பது நம் கடமை எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

ஆப்ஷன் என்பது யாது?

ஊரில் ஒரு மனை விலைக்கு வருகிறது. விலை 10 இலட்சம் ரூபாய். வாங்க விரும்புபவர் 20,000 ரூபாய் அச்சாரம் கொடுத்து, மூன்று திங்கள் கெடு பெறுகிறார். அக்கெடுவுக்குள் மனையின் விலை 12 இலட்சமாக உயர்ந்தாலும், பேசிய 10 இலட்சத்துக்கே அதை வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. விலை சரிந்தால் வாங்காது விட்டுவிடலாம். போவது அச்சாரம் மட்டுமே. இந்த உரிமைக்குப் பங்குச் சந்தையில் வழங்கும் பெயரே ஆப்ஷன். வாங்கும் உரிமையைக் கால் என்றும், விற்கும் உரிமையைப் புட் என்றும், அச்சாரத்தைப் பிரீமியம் என்றும், கெடு முடியும் நாளை எக்ஸ்பைரி என்றும் அங்கே கூறுவர்.

மனைக்கும் சந்தைக்கும் உள்ள வேற்றுமையையும் கூறவேண்டும். தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி என்னும் குறியீடு ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்டு கணிக்கப்படும் ஓர் எண். அதை வீட்டுக்குக் கொண்டு செல்ல இயலாது. கெடு நாளில் அந்த எண் எங்கே நிற்கிறதோ, அதற்கேற்பப் பணமாகவே கணக்குத் தீர்க்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நிஃப்டி 24,000இல் நிற்கிறது என்றும், கெடுவுக்கு இரண்டு நாள் உள்ளது என்றும், 24,100 விலைக்கு வாங்கும் உரிமையின் பிரீமியம் 80 ரூபாய் என்றும், ஒரு லாட்டில் 75 அலகுகள் என்றும் வைத்துக்கொள்வோம். 80ஐ 75ஆல் பெருக்க 6,000 ரூபாய். இதைக் கொடுத்து ஒருவர் உரிமையை வாங்குகிறார்.

கெடு நாளில் நிஃப்டி 24,090இல் நின்றால் 6,000 ரூபாயும் போயிற்று. சந்தை உயரும் என்று அவர் கூறினார். 90 புள்ளி உயரவும் செய்தது. எனினும் அவர் கையில் ஒரு காசும் இல்லை. நிஃப்டி 24,150இல் நின்றால், 50ஐ 75ஆல் பெருக்கி 3,750 ரூபாய் கிடைக்கும். அப்போதும் 2,250 ரூபாய் இழப்பே. 24,180இல் நின்றாலன்றி முதல்கூடத் தேறாது. அதற்கு மேல் ஏறுவதே அவருக்கு ஆதாயம்.

ஆகவே ஆப்ஷன் வாங்குபவர் மூன்றைச் சரியாகக் கூறவேண்டும். சந்தை எத்திசையில் செல்லும், எவ்வளவு தூரம் செல்லும், எந்த நாளுக்குள் செல்லும் என்பனவே அம்மூன்று. ஒன்று தவறினும் போதும், மற்ற இரண்டும் பயனின்றிப் போகும். பங்கை வாங்கி வைத்தவர் இன்று தவறினால் நாளைக்குக் காத்திருக்கலாம். ஆப்ஷன் வாங்கியவருக்கு அந்த நாளை இல்லை. சந்தை அசையாது நின்றாலும், கெடு நெருங்க நெருங்க அவர் கொடுத்த பிரீமியத்தின் மதிப்பு விளக்கின் எண்ணெய்போல் வற்றிக்கொண்டே வரும்.

இதற்குப் பயனே இல்லையா எனில், உண்டு. பெருந்தொகைக்குப் பங்கு வைத்திருப்பவர், விலை சரிந்தால் தம்மைக் காத்துக்கொள்ளப் புட் உரிமை வாங்குவது வீட்டுக்குக் காப்பீடு செய்வதைப் போன்றது. ஆனால் நாம் கூற வந்தது வேறு. வீடே இல்லாதவர், அடுத்த தெரு தீப்பற்றும் என்று நாள்தோறும் காப்பீட்டுச் சீட்டு வாங்கி விற்பதைப் போன்ற வாணிபத்தைப் பற்றியே இங்குக் கூறுகின்றோம்.

நமக்கு நேர்ந்தது

நம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையில், நாம் பிறந்த ஓட்டு வீட்டிலேயே இருக்கிறார். மழைக்காலத்தில் மூன்று இடங்களில் ஒழுகும் அக்கூரையைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போடவேண்டும் என்பது குடும்பத்தின் நெடுநாள் எண்ணம். 2023 டிசம்பரில் நாம் சேர்ந்திருந்த சீட்டில் 2 இலட்சம் ரூபாய் கைக்கு வந்தது. கோடை கழித்து வேலை தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடிப்பதென்று கொத்தனாரிடம் பேசியாயிற்று. அதுவரை பணம் வங்கியில் கிடந்தது.

சனவரியில் அலுவலகத்து இளைஞர் ஒருவர் தம் செல்பேசியைக் காட்டினார். நாமும் அன்று மாலையே கணக்குத் தொடங்கினோம். முதல் நாள் போட்ட 4,000 ரூபாய் நாற்பது நிமிடத்தில் 9,500 ஆயிற்று. நான்கு நாள் ஊதியம், உணவு இடைவேளை முடிவதற்குள் வந்துவிட்டது! அன்று நாம் இழந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவை இருந்திராது. முதலில் வந்த அந்த ஆதாயமே நம்மைக் கெடுத்தது.

அக்காலத்தில் வாரத்தின் ஐந்து நாளும் ஏதேனும் ஒரு குறியீட்டுக்குக் கெடு நாளாக இருந்தது. திங்களன்று இழந்ததைச் செவ்வாயன்று மீட்கலாம், செவ்வாயன்று இழந்ததைப் புதனன்று மீட்கலாம் என்று மனம் கணக்கிடும். கெடு நாளின் பிற்பகலில் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் உரிமைகள் கிடைக்கும். அவற்றுள் ஏதோ ஒன்று பத்து மடங்காக ஏறிய கதையை எவரேனும் சொல்வர். மடிந்த நூறு உரிமைகளின் கதையை எவரும் சொல்வதில்லை. மே மாத முடிவில் நம் இழப்பு 1,14,000 ரூபாய்.

பின்னர் 2024 பொதுத் தேர்தலின் முடிவு வந்தது. சூன் 3ஆம் நாள், வாக்குக் கணிப்புகளைக் கேட்டுச் சந்தை துள்ளி எழுந்து, நிஃப்டி 23,263இல் முடிந்தது. இன்னும் ஏறும் என்று உறுதியாக நம்பிய நாம், 23,200 விலைக்கான கால் உரிமையை, லாட் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 ரூபாய் வீதம் ஆறு லாட் வாங்கினோம். கெடு 6ஆம் நாள் வியாழக்கிழமை. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. நாம் பார்சல் கவுண்டரில் நின்று, மீன் கூடைகளுக்கும் துணி மூட்டைகளுக்கும் ரசீது எழுதிக்கொண்டிருந்தோம். அன்று மாலை நிஃப்டி 21,884இல் முடிந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 1,380 புள்ளிகளின் வீழ்ச்சி. வியாழனன்று அது 22,821 வரை மீண்டும், நம் உரிமைக்கு அது போதவில்லை. 60,000 ரூபாயும் போயிற்று.

அன்பர்கள் கருத்தில் கொள்ளவேண்டியது அடுத்து நிகழ்ந்ததையே. மறுநாள், 7ஆம் நாள் வெள்ளிக்கிழமை, நிஃப்டி 23,290இல் முடிந்தது! சூன் 3இல் நின்ற இடத்தையும் கடந்துவிட்டது. 3ஆம் நாள் அக்குறியீட்டின் பங்குகளை அப்படியே வாங்கி வைத்தவர், நான்கு நாள் அஞ்சியிருப்பார். ஆனால் வெள்ளியன்று அவர் முதல் முழுமையாக அவரிடம் இருந்தது. நம் உரிமையோ வியாழனன்றே மாண்டுவிட்டது. முதலீட்டுக்கும் இவ்வாணிபத்துக்கும் உள்ள வேற்றுமையை ஆயிரம் பக்க நூலைக் காட்டிலும் அந்த ஒரு நாள் நமக்குத் தெளிவாகக் கற்பித்தது.

ஊரார் கணக்கு

நம் அறியாமையே காரணம், அறிந்தவர் ஆதாயம் பெறுவர் என்று சிலர் கூறக்கூடும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைக் காண்க. 2021–22 முதல் 2023–24 வரை மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷன் வாணிபத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர். அவர்களுள் 93 விழுக்காட்டினர் இழந்தனர். இழந்தவர் தலைக்கு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். செலவுகள் போக ஒரு இலட்சத்துக்கு மேல் ஆதாயம் கண்டவர் நூற்றுக்கு ஒருவரே. 2023–24இல் இவ்வாணிபம் செய்தவர்களுள் 43 விழுக்காட்டினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர். நான்கில் மூவருக்கு மேற்பட்டோர் ஆண்டு வருமானம் 5 இலட்சத்துக்கும் குறைவு எனக் காட்டியவர். 2025 சூலையில் வெளிவந்த அடுத்த ஆய்வும் இதையே உறுதி செய்தது. 2024–25இல் 91 விழுக்காட்டினர் இழந்தனர். அவ்வாண்டின் நிகர இழப்பு 1,05,603 கோடி ரூபாய்.

இப்பணம் எங்கே சென்றது? 2023–24இல் தம் சொந்தப் பணத்தில் வாணிபம் செய்யும் பெரு நிறுவனங்களும், அயல்நாட்டு முதலீட்டு நிறுவனங்களும் பல்லாயிரம் கோடி ஈட்டின. அவற்றின் ஆதாயத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது கணினி நிரல்கள் தாமே இட்ட ஆணைகளால் வந்தது. ரசீது எழுதும் இடைவேளையில் செல்பேசியைத் தொடும் எழுத்தருக்கு எதிரில் அமர்ந்து ஆடுபவர் யார் என்பதை இதனால் உணரலாம்.

எஞ்சியதைச் சுங்கம் கொண்டுபோகிறது. ஓர் ஆணைக்கு 20 ரூபாய் தரகு எனில், வாங்கி விற்பதற்கு 40 ரூபாய். நாளொன்றுக்கு ஐந்து முறை எனில் 200; மாதத்தில் இருபது நாளுக்கு 4,000 ரூபாய். இதற்கு மேல் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், சரக்கு சேவை வரி, முத்திரைத் தீர்வை ஆகியனவும் உண்டு. வென்றாலும் தோற்றாலும் கட்டவேண்டிய கப்பம் இது. நம் ஐந்து திங்கள் கணக்கைப் பின்னர்ப் பிரித்துப் பார்த்தபோது, இழப்பில் 19,000 ரூபாய் இக்கப்பமாகவே போயிருந்ததைக் கண்டோம்.

இம்மாநகர் மறந்த பாடம்

இது மும்பைக்குப் புதிதும் அன்று. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி வருவது தடைப்பட்டபோது, பம்பாய்ப் பருத்தியின் விலை வானளாவியது. அப்பணமெல்லாம் பங்குகளில் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்க எழுந்த பேக் பே நிறுவனத்தின் 5,000 ரூபாய்ப் பங்கு ஏறத்தாழ 50,000 வரை கைமாறியது. அன்றும் கெடு வைத்த ஒப்பந்தங்களே ஊரை ஆட்டின. 1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. அவ்வொப்பந்தங்களின் கெடுவாகிய சூலை முதல் நாளில் செல்வர்கள் பலர் ஓட்டாண்டிகளாயினர். சந்தையின் மன்னர் எனப் போற்றப்பெற்ற பிரேம்சந்த் ராய்சந்தும் வீழ்ந்தார். அவர் தம் அன்னையின் நினைவாக அளித்த கொடையில் எழுந்த ராஜாபாய் கோபுரத்தைக் கோட்டைப் பகுதியில் இன்றும் காண்கிறோம்.

இம்மாநகரின் கடைவீதிகளில் ஆப்ஷனுக்குத் தேஜி, மந்தி என்று பெயர். பருத்தியில் அது விளைத்த கேட்டைக் கண்டு பம்பாய் மாகாண அரசு 1939இல் தடைச் சட்டம் இயற்றியது. 1956ஆம் ஆண்டின் பங்கு ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம் பங்குகளிலும் அதைத் தடுத்தது. அத்தடை 1995இல் நீங்கியது. 2001இல் தேசியப் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாணிபம் முறைப்படி தொடங்கியது. முன்னாளில் தரகர் தெருவுக்குச் சென்றவரையே பற்றிய அது, இன்று படுக்கையறைக்கே வந்துவிட்டது.

செபியும் வாளாவிருக்கவில்லை. 2024 நவம்பர் முதல் ஒவ்வொரு சந்தைக்கும் ஒரே ஒரு குறியீட்டில் மட்டும் வாரக் கெடு என்று குறைத்தது. ஒப்பந்தத்தின் குறைந்த அளவை 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆயினும் வேலி உயர்ந்தால் ஏணி தேடுவோரும் உளர். பெரிய லாட் வாங்கக் கடன் செயலியில் பணம் பெற்ற இளைஞரை நாம் அறிவோம்.

விதியும் வீடும்

அரசுப் பணியில் உள்ளோர் ஒன்றை அறிதல் நலம். 1966ஆம் ஆண்டின் ரயில்வே பணியாளர் நடத்தை விதிகளில் 16ஆம் விதி, பணியாளர் எவரும் பங்கு முதலியவற்றில் ஊக வாணிபம் செய்தலாகாது என்கிறது. அடிக்கடி வாங்குதலும் விற்றலும் ஊக வாணிபமாகவே கொள்ளப்படும். எப்போதேனும் முதலீடாகப் பங்கு வாங்குவதற்குத் தடையில்லை. மத்திய அரசின் பிற துறையினருக்கும் இத்தகைய விதி உண்டு. நாம் அவ்விதியை அறியாதவர் அல்லர். அறிந்தும் அறியாதவர்போல் இருந்தோம். வருமான வரியிலும் இவ்வாணிபத்தின் ஆதாயத்தையும் இழப்பையும் தொழில் வருமானமாகக் காட்டவேண்டும்; ஊதியக்காரர் நிரப்பும் எளிய படிவம் போதாது.

எனினும் நம்மை மிகுதியும் வருத்தியது விதியன்று, மறைப்பு. ஐந்து திங்களும் இல்லத்தில் எவருக்கும் சொல்லவில்லை. குளியலறையில் நின்று திரையைப் பார்த்தோம். குழந்தை பாடத்தில் ஐயம் கேட்டால் சினந்தோம். ஆடி பிறந்ததும் தந்தையார் தொலைபேசியில் அழைத்து, “கொத்தனார் வந்துவிட்டுப் போனார், ஐயா. பணம் எப்போது அனுப்புவாய்?” என்றார். அடுத்த வாரம் என்றோம். அதற்கடுத்த வாரமும் அவ்வாறே கூறினோம். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிரவு இல்லாளிடம் எல்லாவற்றையும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “முதல் பத்தாயிரம் போனபோதே சொல்லியிருந்தால் பத்தாயிரத்தோடு போயிருக்குமே” என்றார். பேரேடு எழுதும் நமக்குத் தோன்றாத கணக்கு அது. மறைக்கும் ஒவ்வொரு நாளும், மீட்டுவிட்டுப் பிறகு சொல்லலாம் என்ற எண்ணமே நம்மை மேலும் போடச் செய்தது. இழப்பைப் பெருக்கியது சந்தை மட்டுமன்று, நம் நாணமும்தான்.

அவ்வாண்டு ஐப்பசி மழை பழைய ஓட்டின் மீதே பெய்தது. தந்தையார் கூரையின் மேல் தார்ப்பாய் விரித்து, செங்கல் பாரம் வைத்திருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்று, 2025 ஆடியில் தளம் போட்டோம். அக்கடனின் தவணையை இன்றும் ஒவ்வொரு மாதமும் ஊதியத்தில் கட்டி வருகின்றோம்.

நம் வேண்டுகோள்

பங்குச் சந்தையே வேண்டா என்று நாம் கூறவில்லை. நல்ல நிறுவனங்களின் பங்கையோ, குறியீட்டு நிதியையோ, பல ஆண்டுக்குத் தேவைப்படாத பணத்தில் சிறிது சிறிதாக வாங்குவது முதலீடு. நாள் குறித்த செலவுக்கு வைத்த பணத்துக்கு அஞ்சலகமும் வங்கியுமே தக்க இடம். வாரக் கெடுவுக்குள் ஏறுமா இறங்குமா என்று அச்சாரம் கட்டுவது பந்தயம். வாங்கித் தோற்றவர்கள், விற்பவர்க்கே ஆதாயம் எனக் கேட்டு உரிமையை விற்கப் புகுவதும் உண்டு. வாங்குபவர்க்கு இழப்பு அச்சாரத்தோடு நிற்கும், விற்பவர்க்கோ அதற்கு வரம்பில்லை.

வாரம் இத்தனை ஆயிரம் உறுதி என்று செல்பேசிக் குழுவில் கூறுவோரை நம்பற்க. செபியிடம் பதிவு பெற்ற ஆலோசகரா என்று முதலில் வினவுக. உறுதியான ஆதாயத்தை வாக்களிக்கப் பதிவு பெற்றவருக்கும் அனுமதி இல்லை.

பெற்றோருக்கும் இல்லத்தரசியருக்கும் ஒரு சொல். வீட்டில் ஓர் இளைஞர் காலை ஒன்பது மணி முதல் மூன்றரை மணி வரை செல்பேசியைக் கீழே வையாதிருந்தால், சினவாது அருகில் அமர்ந்து கேளுங்கள். சினந்தால் மறைப்பார், மறைத்தால் பெருகும். இழந்தவர்களுக்கும் ஒரு சொல். இன்றே வீட்டில் சொல்லுங்கள். இழந்ததை மீட்க அடுத்த வியாழனும் செவ்வாயும் காத்திருப்பதாகத் தோன்றும். அந்த நாள்களை நாம் எண்ணிப் பார்த்துவிட்டோம்.

கணக்கைத் தெளிந்துகொள்ள விரும்பும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சங்கப் படிப்பகத்துக்கு வரலாம். தம் தரகுக் கணக்கின் ஓராண்டு அறிக்கையைக் கொண்டு வந்தால், காகிதமும் பென்சிலுமாக உடன் அமர்ந்து கூட்டிப் பார்ப்போம். எவர் பெயரையும் எவரிடமும் சொல்லமாட்டோம்.